மெர்லீன் ஓட்டியை நான்கு வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஒலிம்பிக் தங்கம் கிடைக்காமலே ஓய்வுபெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். முதல் பெயரே ஜமைக்காவின் ஓட்டக்காரி மெர்லீன் ஓட்டி. ஒன்பது பதக்கம், அதில் ஒரு தங்கம்கூட இல்லை, துரதிர்ஷ்டசாலி, 'வெண்கல ராணி' என்ற பட்டப்பெயர். நான்கு வரியோடு சரி. எண்ணிக்கையில் தப்பில்லை, 3 வெள்ளி, 6 வெண்கலம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும் பையனுக்கு, பெரிதாக ஒன்றும் சாதிக்காமல் வீட்டுக்குப் போன ஒருவர் என்றுதான் மனதில் நிற்கும். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பள்ளியில் டிரில் எடுத்ததைவிட, போட்டிகளில் எல்லைக்கோட்டில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றதுதான் எனக்குப் பிடித்த வேலை. அந்த வேலை பார்த்தவனுக்கு ஓட்டியின் வாழ்க்கை வேறு மாதிரி தெரியும். அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெட்டிப் போடுவதென்றால் போடுங்கள், நேரங்களை மட்டும் வெட்டாதீர்கள்.

கையால் நேரம் எடுப்பவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தாதே, புகையைப் பார்த்து அழுத்து என்பது. நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் சுட்ட சத்தம் இந்தப் பக்கம் வந்து சேர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகிவிடும். சட்டப்படி முதலாவதாக வருகிறவருக்கு மூன்று பேர் நேரம் எடுத்து, மூன்று கடிகாரமும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். நம் ஊர்ப் போட்டிகளில் மூன்று பேர் எங்கே கிடைக்கிறார்கள்? முதல் இடத்துக்கு ஒரு கடிகாரம் இருந்தாலே பெரிய காரியம். துப்பாக்கிக்குக் கேப் தீர்ந்துவிட்டால் மரக் கிளாப்பரைத் தட்டிக் கிளப்பிவிடுவோம். அதில் புகை ஏது? தட்டுகிற கையைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும்.

இப்போது 1992 பார்சிலோனாவுக்கு வாருங்கள். பெண்கள் நூறு மீட்டர் இறுதி. கெயில் டெவர்ஸ் 10.82, ஜூலியட் கத்பர்ட் 10.83, இரினா பிரிவலோவா 10.84, க்வென் டாரன்ஸ் 10.86, ஓட்டி 10.88. முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே 0.06 வினாடி. துப்பாக்கிச் சத்தம் மைதானத்தைக் கடக்கிற நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எங்களைப் போன்ற ஸ்டாப்வாட்ச் ஆட்கள் அங்கே நின்றிருந்தால் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தைத்தான் எழுதியிருப்போம். அவர்களில் ஒருத்தி தங்கம் வென்றவர், இன்னொருத்தி உங்கள் பட்டியலில் துரதிர்ஷ்டசாலி.

அதற்கு அடுத்த ஆண்டு, 1993 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் உலகத் தடகளப் போட்டி. மறுபடியும் டெவர்ஸும் ஓட்டியும். இருவருக்கும் 10.82. எல்லைக்கோட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு வினாடி வித்தியாசத்தில் தங்கம் டெவர்ஸுக்குப் போனது. அந்த வேகத்தில் ஓடுகிறவர் ஆயிரத்தில் ஒரு வினாடியில் கடக்கும் தூரம் சுமார் ஒரு சென்டிமீட்டர். எல்லைக்கோடே ஐந்து சென்டிமீட்டர் அகலம், அதிலும் ஓடிவருகிற பக்கத்து விளிம்புதான் கணக்கு. தலை முந்திப் பிரயோஜனமில்லை. கழுத்து, கை, கால் எதுவும் சேராது. நெஞ்சுப் பகுதி அந்த விளிம்புக்கு மேலே வந்த நொடிதான் நேரம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கடைசியில் கையை நீட்டிக்கொண்டு பாய்வார்கள். 'கைக்கு நேரம் இல்லடா, நெஞ்சைக் கொடு' என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஸ்டுட்கார்ட்டில் பதக்கம் கொடுக்கும்போது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது ஓட்டிக்கு. நிற்காமல் தட்டினார்கள். அடுத்து 200 மீட்டர். அதில் 21.98 ஓடி டாரன்ஸை 0.02 வினாடியில் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். உலகப் போட்டியில் அது அவருடைய முதல் தனிநபர் தங்கம், அப்போது வயது 33. இந்தத் தங்கம் உங்கள் நான்கு வரியில் இல்லை. ஒலிம்பிக் தங்கம் இல்லாதவர் என்று எழுதுகிறபோது உலகச் சாம்பியன் என்ற விஷயம் எப்படியோ விடுபட்டுப் போகிறது. உலகப் போட்டிகளில் மட்டும் அவருக்கு 14 பதக்கம். மூன்று தங்கம், நான்கு வெள்ளி, ஏழு வெண்கலம்.

மூன்றாவது தங்கத்தின் கதையையும் சொல்ல வேண்டும், அது அவருக்கு முழுக்கச் சாதகமாக இல்லாவிட்டாலும். 1995 கோதன்பர்க், 200 மீட்டர். டாரன்ஸ் 21.77-ல் முதலாவதாக வந்தார். ஓட்டி 22.12, வெகு தூரம் பின்னால். ஆனால் டாரன்ஸ் வளைவில் ஓடும்போது உள்பக்கக் கோட்டை மிதித்துவிட்டார். தகுதி நீக்கம். தங்கம் ஓட்டிக்கு வந்தது. வளைவில் கோட்டை மிதிப்பதைப் பார்க்கத்தான் மஞ்சள் கொடியோடு ஆள் நிறுத்துகிறோம். நானும் நின்றிருக்கிறேன். கொடியைத் தூக்கிய அன்று அந்தப் பிள்ளையின் பெற்றோர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ஆனால் உள்பக்கக் கோட்டில் கால் வைத்தால் தூரம் குறைகிறது, அன்றைய விதிப்படி அதற்கு மேல் பேச்சில்லை. ஆக, அதிர்ஷ்டம் ஓட்டியின் பக்கமும் வந்திருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் எப்படி?

1996 அட்லாண்டாவை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஓட்டிக்கு 36 வயது. நூறு மீட்டரில் மறுபடியும் அதே டெவர்ஸ், மறுபடியும் ஒரே நேரம், 10.94. டாரன்ஸ் 10.96-ல் மூன்றாவது. ஜமைக்காக்காரர்கள் முறையிட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 200 மீட்டரில் மாரி-ஜோஸ் பெரெக் 22.12, ஓட்டி 22.24. இன்னொரு வெள்ளி. பிறகு தொடர் ஓட்டத்தில் வெண்கலம். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பதக்கம், முப்பத்தாறு வயதில். பெரெக்கிடம் தோற்றதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, அது சுத்தமான தோல்வி. டெவர்ஸிடம் தோற்றதை அதே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான். ஓட்டியின் முதல் ஒலிம்பிக் 1980 மாஸ்கோ. 200 மீட்டரில் 22.20 ஓடி வெண்கலம். வெள்ளி வாங்கிய சோவியத் பெண்ணுக்கு 22.19. ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் இவர்தான். ஹானோவர் மாவட்டத்தில் கோல்டு ஸ்பிரிங் என்ற சின்ன ஊரில் பிறந்த பெண். 1976-ல் ஜமைக்கா ஓட்டக்காரர் டான் குவாரி மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஓடியதை வானொலியில் கேட்டுத்தான் இவருக்கு ஓட்டத்தில் வெறியே பிடித்ததாம். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் நூறிலும் இருநூறிலும் வெண்கலம். அதே லாஸ் ஏஞ்சலிஸில்தான் நம் உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 ஓடி, 55.41 ஓடியவரிடம் வெண்கலத்தை விட்டார். உஷாவின் நான்காவது இடத்தை இந்தியாவில் தெரியாத ஆள் உண்டா? அதை நாம் இன்றைக்கும் பெருமையாகத்தானே சொல்கிறோம்? ஓட்டிக்கும் 1988 சியோலில் 200 மீட்டரில் அப்படி ஒரு நான்காம் இடம் உண்டு. 21.99 ஓடியும் பதக்கம் இல்லை! முதலிடத்தில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 21.34, அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

எதிரே ஓடியவர்கள் எல்லாரும் சுத்தமா என்ற கேள்வியும் இங்கே வரும். கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே ஊக்கமருந்துத் திட்டம் நடத்தியது பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களோடு வெளியே வந்தது. எண்பதுகளில் ஓட்டியின் காலத்து ஓட்டக்காரிகள் பலர் அந்த நாட்டுக்காரர்கள். அதற்காக யார் எந்தப் பந்தயத்தில் என்ன செய்தார்கள் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஓட்டி மேலும் குற்றச்சாட்டு வந்தது. 1999-ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் எடுத்த மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு உலகப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. ஜமைக்கா சம்மேளனம் அவரை விடுவித்தது, 2000-ல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்த்தது. இதையும் சொல்லாமல் விட்டு அவரைத் தெய்வமாக்க நான் தயாரில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது சிட்னிதான். 2000 ஒலிம்பிக்குக்கான ஜமைக்காவின் தேர்வுப் போட்டியில் நூறு மீட்டரில் ஓட்டி நான்காவதாக வந்தார். விதிப்படி மூன்று பேருக்குத்தான் இடம். ஆனால் அந்தத் தேர்வில் முதலாவதாக வந்த பீட்டா-கே டவுடியை உட்காரவைத்துவிட்டு ஓட்டியை ஓடவிட்டார்கள். ஒலிம்பிக் கிராமத்துக்குள்ளேயே ஜமைக்கா வீரர்கள் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். அவர்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தால், தேர்வுப் போட்டி என்று ஒன்று வைத்துவிட்டு முதலாவதாக வந்த பிள்ளையை வெளியே வைக்கச் சம்மதித்திருக்க மாட்டேன். எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் சரி. நம் மாவட்டங்களிலும் இது நடக்காத காரியம் இல்லை, விவரம் வேண்டாம்.

ஆனால் களத்தில் இறங்கிய பிறகு 40 வயது ஓட்டி என்ன செய்தார் என்பது வேறு விஷயம். நூறு மீட்டர் இறுதியில் 11.19, நான்காவது. மூன்றாவது வந்த சக ஜமைக்காக்காரி டேனா லாரன்ஸுக்கு 11.18. மறுபடியும் நூறில் ஒரு பங்கு! தொடர் ஓட்டத்தில் வெள்ளி. அந்த நால்வரில் ஒருத்தி வெரோனிகா கேம்பல், வயது 18. பிறகு 2004-லும் 2008-லும் 200 மீட்டர் தங்கம் வாங்கியவர் அவர்தான். 22 வயது வித்தியாசத்தில் இரண்டு பேர் ஒரே அணியில் கட்டையை மாற்றி ஓடியிருக்கிறார்கள் என்றால், தொடர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கதை அங்கேயும் முடியவில்லை. நூறு மீட்டரில் 10.75 ஓடித் தங்கம் வாங்கிய மரியான் ஜோன்ஸ், ஊக்கமருந்து எடுத்ததை 2007-ல் ஒப்புக்கொண்டார். பதக்கம் பறிக்கப்பட்டது. 2009 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி தங்கத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விட்டு, லாரன்ஸை வெள்ளிக்கு உயர்த்தி, ஓட்டிக்கு வெண்கலத்தைக் கொடுத்தது. ஒன்பது பதக்கம் என்று நீங்கள் எழுதிய கணக்கில் ஒன்பதாவது இப்படித்தான் வந்தது. அப்போது அவருக்கு 49 வயது. வேடிக்கை என்னவென்றால், அப்போதும் அவர் ஓடுவதை நிறுத்தியிருக்கவில்லை.

2002-லேயே அவர் ஸ்லோவேனியா குடியுரிமை வாங்கிவிட்டார். 2004 ஏதென்ஸில் புதுக் கொடியின் கீழ் ஓடி, 44 வயதில் நூறு மீட்டர் அரையிறுதிவரை வந்தார். அது அவருடைய ஏழாவது ஒலிம்பிக். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு 0.28 வினாடியில் தகுதி தவறியது, அப்போது 48. சொந்த நாட்டை விட்டுப் போய்விட்டாரே என்று ஜமைக்காவில் முணுமுணுப்பு இருந்திருக்கும். ஆனாலும் 2005-ல் கிங்ஸ்டனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். வேறு நாட்டுச் சட்டையில் ஓடிக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சொந்த ஊரில் சிலை. இது போல வேறெங்கும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

2010 ஐரோப்பியப் போட்டி பார்சிலோனாவில், 1992-ல் அவர் 0.06-ல் ஐந்தாவது வந்த அதே மோஞ்ஜுயிக் மைதானத்தில் நடந்தது. 50 வயதில் ஸ்லோவேனியாவின் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். 2012 ஐரோப்பியப் போட்டி ஹெல்சிங்கியில். முதல் உலகத் தடகளப் போட்டி 1983-ல் நடந்ததும் அதே ஊரில், அதே மைதானத்தில்தான். அதில் ஓட்டிக்கு 200 மீட்டரில் வெள்ளி, 22.19. இருபத்தொன்பது ஆண்டு கழித்து 52 வயதில் அதே ஓடுபாதையில் கட்டையை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். எங்கள் பகுதியில் மூத்தோர் தடகளப் போட்டிக்கு 50 வயதுக்காரர்கள் வருவார்கள். வார்ம்-அப் முடிவதற்குள் பாதிப் பேர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குறுந்தூரம் ஓடுகிறவருக்குத் தொடையின் பின்பக்கத் தசைதான் உயிர். முப்பது தாண்டினால் அது ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மிரட்டும்.

1997 ஏதென்ஸ் உலகப் போட்டியை விட்டுவிட்டேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் தப்பு ஓட்டக்காரியுடையது இல்லை. நூறு மீட்டர் இறுதியில் முன்கூட்டியே யாரோ கிளம்பிவிட, திரும்பக் கூப்பிடும் துப்பாக்கி வெடித்தது. எல்லாரும் நின்றுவிட்டார்கள், ஓட்டிக்குக் கேட்கவில்லை. பாதித் தூரம்வரை முழு வேகத்தில் போய்விட்டார். திரும்பி நடந்து வந்து மறுபடியும் குனிந்து ஓடினால் காலில் என்ன மிச்சம் இருக்கும்? ஏழாவதாக வந்தார். திரும்பக் கூப்பிடுகிறவர் ஓடுகிறவர்களின் காதில் விழுகிற மாதிரி சுட வேண்டும், இது அடிப்படை. கூட்டம் இரைகிற மைதானத்தில் அந்தச் சத்தம் போதவில்லை. சில நாள் கழித்து 200 மீட்டர். ஜன்னா பின்டுசெவிச் 22.32, இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.39, ஓட்டி 22.40. இந்த முறை நூறில் ஒரு பங்கு வினாடியில் ஓட்டியை முந்தியது நம் பக்கத்து நாட்டுப் பெண். அன்றைக்குச் சந்தோஷப்பட்டேனா வருத்தப்பட்டேனா என்று எனக்கே தெரியாது.

இன்னும் ஒன்று. 1993 பிப்ரவரியில் பிரான்ஸின் லியேவினில், உள்ளரங்க 200 மீட்டரை அவர் 21.87 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனை இன்றுவரை அப்படியே இருக்கிறது. உள்ளரங்க வளைவு மிகவும் குறுகல், உள்பக்க ஓடுபாதை கிடைத்தவருக்கு ஜெயிக்கும் வாய்ப்பே இல்லை என்று சொல்லி உள்ளரங்க உலகப் போட்டியிலிருந்து 200 மீட்டரையே பிறகு எடுத்துவிட்டார்கள். அதனால் இந்தச் சாதனையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திறந்த மைதானத்தில் அவருடைய சிறந்த நேரங்கள் நூறில் 10.74, இருநூறில் 21.64. நூறு மீட்டரின் அந்த 10.74-ஐ அவர் ஓடியது 1996 செப்டம்பரில், 36 வயதில், அட்லாண்டா முடிந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அட்லாண்டாவில் அதே கால்களோடு 10.94. ஆக, ஓட்டி பெரிய மேடையில் தன் சிறந்ததைக் கொண்டுவரவில்லை என்று யாராவது விமர்சித்தால் அதை நான் மறுக்க மாட்டேன், அது நேரத்தைப் பார்த்துச் சொல்கிற விமர்சனம். 'பாவம், தங்கம் இல்லை' என்பதோடுதான் எனக்குச் சண்டை.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, ஓட்டியைத் தாண்டியது. நம் மாவட்ட, மாநிலப் பள்ளிப் போட்டிகளின் முடிவுகளைப் போடும்போது மூன்று பெயரும் பள்ளியும் மட்டும் வருகின்றன, நேரம் வருவதில்லை. நான்காவதாக வந்தவர் பெயர் எப்போதும் வருவதில்லை. தயவுசெய்து நேரத்தைச் சேருங்கள், இறுதிப் போட்டிக்காவது நான்காவது பெயரையும் சேருங்கள். கையால் எடுத்த நேரமா மின்னணு நேரமா என்று ஒரு வார்த்தை இருந்தால் இன்னும் நல்லது. கையால் எடுத்தது என்றால் 100, 200 மீட்டரில் 0.24 வினாடி கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் புரிந்துகொள்வார்கள். காற்றின் வேகம் அளந்திருந்தால் அதையும் போடுங்கள். நிருபருக்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை. போட்டி நடத்துகிறவர்களிடம் முடிவுத்தாள் இருக்கும், கேட்டால் ஜெராக்ஸ் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.